விளக்குக்கு எண்ணெய் வார்ப்போர் யார்?

மருத்துவமனையில் இரவும் பகலும் கதவடைக்காத இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவு. விபத்தில் சிக்கியோர், மாரடைப்புக் கண்டோர், நஞ்சருந்தியோர் என நேரம் பாராது வருவோர் அனைவரையும் அது ஏற்கிறது. அங்குப் பணிபுரியும் மருத்துவரும் செவிலியரும் நாளடைவில் உடல் தளர்ந்து, உள்ளம் வறண்டு போகின்றனர். இச்சோர்வை மனவுறுதியின்மை என்பர் சிலர். சேவை மனப்பான்மை குன்றியதன் விளைவு என்பர் வேறு சிலர். வரலாறு கூறுவதோ வேறு.

காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தனியொருவராகத் தீர்த்துவந்த மோசேயை அவருடைய மாமனார் இத்திரோ கண்டார். இன்னும் மிகுதியாக உழைக்குமாறு அவர் அறிவுரை கூறவில்லை. இப்பளு தனியொருவருக்கு இயலாதது எனச் சுட்டிக்காட்டி, தகுந்த தலைவர்களை நியமித்துச் சுமையைப் பகிருமாறு வழிகாட்டினார் (விடுதலைப் பயணம் 18). குறை மோசேயின் மனத்தில் அன்று, பணியின் அமைப்பில் இருந்தது.

துறவியரின் ஆசானாகிய யோவான் காசியான் 5ஆம் நூற்றாண்டில் ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்தார். திருத்தூதர் யோவான் ஒரு கௌதாரியைத் தடவிக்கொடுத்து மகிழ்ந்திருந்ததைக் கண்டு வேடன் ஒருவன் வியந்தானாம். வில்லின் நாணை எப்போதும் ஏற்றியே வைத்திருப்பாயா என்று யோவான் அவனைக் கேட்டாராம். கடுந்தவம் புரிந்தோரே ஓய்வை இவ்வாறு போற்றியுள்ளனர் என்பது நம் கருத்துக்குரியது.

1550இல் இத்தாலியில் பிறந்த தூய கமில்லுஸ் தெ லெல்லிஸ், போர்வீரராக வாழ்ந்து சூதாட்டத்தில் உடைமைகளை இழந்தவர். காலில் ஆறாப் புண் கொண்டவர். அப்புண்ணுக்காக உரோமையிலுள்ள தூய யாகப்பர் மருத்துவமனைக்குச் சென்றவர், பின்னர் அங்கேயே கண்காணிப்பாளரானார். கூலிக்கு வேலை செய்தோர் நோயாளரைப் புறக்கணித்ததைக் கண்டு மனம் வெதும்பினார். தம் ஒருவருடைய உழைப்பால் அக்குறையைத் தீர்க்க அவர் எண்ணவில்லை. தோழர்களைத் திரட்டி ஒரு சபையை நிறுவினார். திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். 1930இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கமில்லுசைச் செவிலியரின் பாதுகாவலராக அறிவித்தார். இப்புனிதரின் அயராத உழைப்பை நினைவுகூரும் நாம், தோள்கொடுக்கத் தோழரை அவர் தேடியதை மறந்துவிடுகிறோம்.

இன்றைய அவசர மருத்துவத்தின் பிறப்பிலும் இதே உண்மை விளங்குகிறது. 1961இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியாவில், ஜேம்ஸ் மில்ஸ் என்னும் மருத்துவர் தம் தோழர் மூவருடன் சேர்ந்து, அவசரப் பிரிவை 24 மணிநேரமும் முறைவைத்துக் கவனிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அத்துறை முழுநேரத் துறையாக வளர அது வித்திட்டது. நால்வர் பகிர்ந்த சுமையே அதன் தொடக்கம்.

ஆயினும் நோயாளர் பெருகிய அளவுக்குப் பணியாளர் பெருகவில்லை. பகலில் தம் தொழிலையும் மாலையில் நியூயார்க் இலவச மருத்துவமனைப் பணியையும் செய்துவந்த உளவியலார் எர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974இல் இச்சோர்வைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 'எரிந்து தீர்தல்' என்னும் பொருள்படும் சொல்லால் அதைக் குறித்தார். பணியில் பேரார்வம் கொண்டோரே முதலில் எரிந்து தீர்கின்றனர் என அவர் கண்டார். கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் உளவியலார் 1981இல் சூசன் ஜாக்சனுடன் இணைந்து இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். உள்ளம் வறளுதல், பிறரை மனிதராகக் காணாது பொருளாகக் காணுதல், தம் உழைப்பால் பயனில்லை என எண்ணுதல் ஆகிய மூன்றையும் அது அளந்தது. இரண்டாவது அறிகுறி நம்மை நடுங்கவைக்க வேண்டும். நோயுற்றவரில் தம்மைக் காணுமாறு இயேசு நம்மை அழைக்கிறார் (மத்தேயு 25). அவ்வாறு காணும் கண்ணையே இச்சோர்வு மழுங்கச் செய்கிறது.

1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி இறந்தபோது, அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரம் பெரும் விவாதத்திற்குள்ளானது. அதன் விளைவாக 1989இல் அம்மாநிலம், பயிற்சி மருத்துவரின் பணியை வாரத்திற்கு 80 மணிநேரமாக வரையறுத்தது. பெரிய அவசரப் பிரிவுகளில் தொடர்பணி 12 மணிநேரத்தைத் தாண்டலாகாது எனவும் விதித்தது. இச்சோர்வு நோயன்று, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என 2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது. இத்திரோ அன்று உரைத்ததும் ஏறத்தாழ இதுவே.

2020இல் கொரோனா பரவியபோது மக்கள் கைதட்டி மருத்துவப் பணியாளரை வாழ்த்தினர். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி நாடினால் தொழில் உரிமத்திற்கு ஊறு நேருமோ என்னும் அச்சம் பல மருத்துவரின் வாயை அடைத்திருந்தது. மருத்துவப் பணியாளரின் மனநலம் காக்க, அம்மருத்துவரின் பெயரால் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது.

நம் குடும்பங்களிலும் செவிலியர், மருத்துவர் பலர் உள்ளனர். திருச்சபையும் பல மருத்துவமனைகளை நடத்துகிறது. சேவை என்னும் பெயரால் பணியாளரின் உறக்கத்தைப் பறிப்பது அறமாகாது. அவசரப் பிரிவின் வாயிலில் காத்திருக்கையில் செவிலியர் மீது சினந்து பாய்வதும் முறையன்று. நிருவாகம் செய்வோர் போதிய ஆள்களை அமர்த்தட்டும். குடும்பத்தார் அவர்தம் மௌனத்தைக் கேட்டறியட்டும். உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்றே இளைப்பாறுமாறு அழைத்தவர் நம் ஆண்டவர் (மாற்கு 6:31). பணிக்கு அனுப்புபவரே ஓய்வுக்கும் பொறுப்பாளர் என்பதை அவரிடம் நாம் கற்கிறோம்.