ஜார்ஜ் நகஷிமா

ஜார்ஜ் நகஷிமா (மே 24, 1905 – ஜூன் 15, 1990) ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கக் கட்டிடக்கலைஞரும் அறைகலன் வடிவமைப்பாளரும் ஆவார். மேசை, நாற்காலி, கட்டில் முதலியவற்றில் ஜப்பானியத் தச்சு மரபையும் இருபதாம் நூற்றாண்டின் நவீன வடிவமைப்பையும் இணைத்தவராக இவர் அறியப்படுகிறார். இவருடைய தொடக்ககால அறைகலன்கள் புதுச்சேரியில் உருவானவை.

இளமை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை பயின்று, பின்னர் எம். ஐ. டி.யில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1934இல் டோக்கியோவில் அன்டொனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். ரேமண்ட், பிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் பணிக்காக ஜப்பான் வந்து அங்கேயே தங்கிவிட்ட செக் நாட்டவர். ஜப்பானியக் கட்டிட மரபை நகஷிமா நெருங்கி அறிந்தது இக்காலத்தில்தான்.

புதுச்சேரியில்

அரவிந்தர் ஆசிரமத்தின் சாதகர்களுக்கான தங்குமிடத்தை வடிவமைக்கும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. ஐதராபாத் நிசாம் அரசின் நன்கொடை இதற்குக் கிடைத்ததால், அந்நாட்டின் புகழ்பெற்ற வைரச் சுரங்கங்களை நினைவூட்டும் வகையில் இக்கட்டிடம் கோல்கொண்டா எனப் பெயர் பெற்றது. 1937இல் நகஷிமா, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குக் கட்டுமானத்தை மேற்பார்வையிட வந்தார். லெ கொபூசியேயிடம் பணியாற்றியிருந்த பிரான்டிசெக் சம்மரும் உடன் இருந்தார். வேலையாட்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலில் பழக்கமில்லாத ஆசிரமவாசிகள். திருகாணி, கைப்பிடி போன்றவற்றை வார்ப்பதற்கு அடியார்கள் தந்த பித்தளைப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன.

கோல்கொண்டா இந்தியாவின் தொடக்ககால நவீனக் கற்காரைக் கட்டிடங்களுள் ஒன்று. சண்டிகர் நகரப் பணிகள் தொடங்குவதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே இது பெரும்பாலும் முடிந்துவிட்டது. அறைகளுக்குக் கண்ணாடிச் சன்னல்கள் கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகச் சாய்வை மாற்றக்கூடிய கிடைத்தகடுகள் உள்ளன. மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய நகரும் கதவுகள் மறைவையும் தருகின்றன, காற்றையும் விடுகின்றன. ஜப்பானிய வீட்டின் நகரும் கதவு, கடலோரப் புழுக்கத்துக்கு ஏற்ப இங்கே உருமாறியது எனலாம். அறைகளுக்குரிய அறைகலன்களை நகஷிமா தேக்கில் வடிவமைத்தார். ஒரு சாதகருக்குத் தேவையானதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை.

சில காலத்தில் அவர் ஊதியத்தை விட்டுவிட்டு அரவிந்தரின் சீடரானார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. 1939இல், கட்டிடம் முடியும் முன்பே, புதுச்சேரியை விட்டுச் சென்றார்.

முகாமில் கற்ற தச்சு

1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. நகஷிமாவும் மனைவியும், பிறந்து சில வாரங்களேயான மகளும் அமெரிக்கக் குடிகளாக இருந்தும் ஐடஹோவிலுள்ள மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஜப்பானில் பயின்ற தச்சரான கெந்தாரோ ஹிகோகவாவைச் சந்தித்து, அவருடன் வேலை செய்து கைக்கருவிகளின் நுட்பத்தைக் கற்றார். கட்டிடக்கலைப் பட்டங்கள் இரண்டு பெற்றவர், உளியையும் இழைப்புளியையும் ஒழுங்காகப் பிடிக்கக் கற்றது கம்பி வேலிக்குள் என்பது குறிப்பிடத்தக்கது. 1943இல் ரேமண்டின் பொறுப்பேற்பால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் குடியேறி, பின்னர் அங்கேயே பட்டறை அமைத்தார்.

தொழில்முறை

நகஷிமா மரத்தை நீளவாக்கில் அகன்ற பலகைகளாக அறுத்து, ஆண்டுக்கணக்கில் உலரவைத்துப் பயன்படுத்தினார். பலகையின் ஓரத்தை நேராக வெட்டாமல் மரத்தின் இயல்பான விளிம்பையே விட்டுவைத்தார். பல தச்சர்கள் கழித்து ஒதுக்கும் முடிச்சும் வெடிப்பும் இவருடைய மேசைகளில் முகப்பில் இருக்கும்.

வெடிப்பைக் கட்டுப்படுத்தும் முறை எளிமையானது. ஈரம் வற்றும்போது மரம் குறுக்குவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. ஆண்டு வளையங்களை ஒட்டிய சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகும். இந்த வேறுபாட்டால் அகன்ற பலகை வெடிக்கிறது. உடுக்கை வடிவில் இடை சிறுத்த மரத்துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே பதித்தால், அதன் அகன்ற இரு முனைகளும் இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்ளும். துண்டின் இழையோட்டம் வெடிப்புக்குக் குறுக்காக அமைய வேண்டும். மாற்றி வைத்தால் துண்டு இடையில் பிளந்துவிடும். ஜப்பானியத் தச்சில் பழமையான இந்த இணைப்பை மறைக்காமல், வேறு நிற மரத்தில் செய்து வெளிப்படையாகக் காட்டியது நகஷிமாவின் தனித்தன்மை.

கைவினையை வலியுறுத்திய போதும் இவர் இயந்திரங்களை ஒதுக்கவில்லை. நோல் நிறுவனத்துக்கு 1940களில் இவர் வடிவமைத்த நாற்காலி தொழிற்சாலையில் தயாரானது.

மீண்டும் இந்தியா

1964இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து அறைகலன்களை வடிவமைத்தார். அவை அந்நிறுவனத்தின் மரப்பட்டறையில் செய்யப்பட்டன. 1980களில் மிகப்பெரிய வால்நட் மரம் ஒன்றைப் பெற்று, கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்யத் திட்டமிட்டார். முதல் மேசை 1986இல் நியூ யார்க்கின் தூய யோவான் பேராலயத்தில் நிறுவப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் மகள் மீரா நகஷிமா பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். ஆசியாவுக்கான மேசை 1996இல் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஆரோவிலுக்கு வந்தது. கோல்கொண்டாவிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவே.