பந்து வீச்சாளருக்கு முதன்மைப் பரிசு உரியதா?

ஒரு குழு வெற்றி பெறும்போது அவ்வெற்றிக்கு உரியவர் யார் என்று தீர்மானிப்பது எளிதன்று. ஏறுகின்ற ஓட்டங்கள் எல்லார் கண்ணிலும் படுகின்றன. தடுக்கப்பட்ட ஓட்டங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. இதனால் கிரிக்கெட் வரலாற்றில் புகழின் பெரும்பங்கு மட்டையாளர்களுக்கே போய்ச் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டு விஸ்டன் ஆண்டிதழ் நூறு வல்லுநர்களின் வாக்கைப் பெற்று நூற்றாண்டின் சிறந்த வீரர் ஐவரைத் தெரிவு செய்தது. பிராட்மன், சோபர்ஸ், ஹாப்ஸ், வார்ன், ரிச்சர்ட்ஸ் என்பது அப்பட்டியல். அவர்களுள் பந்து வீச்சையே தொழிலாகக் கொண்டவர் வார்ன் ஒருவரே.

இவ்வழக்கு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் பந்து எறிபவருக்கு மிகச் சிறந்த வீரர் விருது தரலாமா என்ற வாதம் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அங்கு எறிபவருக்கென்றே சை யங் விருது 1956இல் ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே டான் நியூகோம்ப் இரண்டு விருதுகளையும் பெற்றார். எனினும் 1999இல் ஒப்புயர்வற்று விளங்கிய பெட்ரோ மார்ட்டினஸ் மிகச் சிறந்த வீரர் விருதை மிகச் சில புள்ளிகளில் இழந்தார். வாக்காளர் இருவர் அவர் பெயரைத் தம் பட்டியலில் எழுதவேயில்லை. தொடக்க எறிபவர் நான்கைந்து நாளுக்கு ஒருமுறையே களம் இறங்குகின்றார். நாள்தோறும் ஆடுபவரோடு அவரை ஒப்பிடுவது எவ்வாறு என்பதே மறுப்பாளர் வாதம். கால்பந்திலும் இந்நிலையே. ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதைப் பெற்ற கோல் காவலர் 1963இல் வென்ற லெவ் யாஷின் ஒருவரே.

இவ்வழக்கைத் தமிழர் ஒருவரின் வாழ்வில் வைத்து ஆராய்வது பயனுடையது. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர். பேரன் கண்டியில் பிறந்து, 1992 ஆகஸ்டில் இலங்கைக் குழுவில் இடம் பெற்றார். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் இலங்கை வென்ற டெஸ்ட் ஆட்டங்கள் இரண்டே. 2010 ஜூலையில் காலி திடலில் அவர் விடைபெற்றபோது 133 ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் அவர் கணக்கில் இருந்தன. அவர் ஆடி இலங்கை வென்ற 54 ஆட்டங்களில் மட்டும் அவர் வீழ்த்தியவை 438.

2006ஆம் ஆண்டு இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டில் பதினொரு டெஸ்ட் ஆட்டங்களில் 90 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எட்ஜ்பாஸ்டன், டிரென்ட் பிரிட்ஜ், கொழும்பில் இரண்டு என அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் பத்து விக்கெட்டுகளும் அதற்கு மேலும் பெற்றார். எனினும் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றத்தின் சோபர்ஸ் கோப்பை அவ்வாண்டு ரிக்கி பாண்டிங்கிற்கே வழங்கப்பட்டது. விஸ்டனோ 2006இன் உலகத் தலைசிறந்த வீரர் என முரளிதரனைத் தெரிந்தெடுத்தது. இரண்டு அமைப்புகளும் கணக்கிட்ட கால எல்லை வேறு என்பது உண்மையே. எனினும் ஒரே காலத்து வீரர்களை எடைபோட்டுத் தகுதி வாய்ந்த இரு நடுவர் குழுக்கள் இரு வேறு தீர்ப்புக்கு வந்தன.

அந்நான்கு ஆட்டங்களும் நமக்குச் சொல்லும் பாடம் யாது? எட்ஜ்பாஸ்டனில் அவர் பத்து விக்கெட்டுகள் எடுத்தும் இலங்கை தோற்றது. மட்டையாளர் துணையின்றிப் பந்து வீச்சாளர் வெல்ல இயலாது என்பது இதனால் பெறப்படும். அடுத்து, கொழும்பு எஸ்.எஸ்.சி. திடலில் தென்னாப்பிரிக்காவிற்கு எதிராக ஜெயவர்த்தனே 374, சங்ககாரா 287 ஓட்டங்கள் எடுத்து 624 ஓட்டக் கூட்டணி அமைத்தனர். ஆட்டநாயகன் விருது ஜெயவர்த்தனேயைச் சேர்ந்தது. அது முறையே. ஆயினும் எதிரணியின் இருபது விக்கெட்டுகளையும் சாய்த்தாலன்றி 756 ஓட்டங்களும் வெற்றி தோல்வியற்ற முடிவையே தந்திருக்கும். அவ்விருபதில் பத்து முரளிதரனுடையவை.

மறுப்புகளையும் மறைத்தல் நேர்மையாகாது. அவருடைய விக்கெட்டுகளில் 493 தாய்நாட்டுத் திடல்களில் கிடைத்தவை. 176 விக்கெட்டுகள் அப்போது வலுக்குறைந்திருந்த வங்காள தேசம், சிம்பாப்வே குழுக்களுக்கு எதிரானவை. ஆஸ்திரேலிய மண்ணில் ஐந்து ஆட்டங்களில் பன்னிரண்டு மட்டுமே பெற்றார். இவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆனால் 1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் திடலில் நடந்ததையும் உடன் வைத்து எண்ண வேண்டும். அங்கு 113 ஓவர்களுக்கு மேல் வீசி 220 ஓட்டங்களுக்குப் பதினாறு விக்கெட்டுகள் எடுத்தார். ஜெயசூரியா 213 ஓட்டங்கள் குவித்திருந்த அந்த ஆட்டத்திலும் ஆட்டநாயகன் முரளிதரனே.

பேஸ்பால் மறுப்பாளரின் வாதம் இங்கு நிற்காது. முரளிதரன் ஓய்வெடுத்து வரும் எறிபவர் அல்லர்; நாள் முழுதும் ஒரு முனையிலிருந்து வீசிக்கொண்டே இருந்தவர். மட்டையாளர் ஒரு பிழை செய்தால் வெளியேறுவார், பின் இளைப்பாறலாம். பந்து வீச்சாளர் பிழை செய்தாலும் மீண்டும் ஓடி வந்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் கருத்தூன்றத்தக்கது. டெஸ்ட் ஆட்டங்களில் ஆட்டநாயகன் விருதை மிகுதியாகப் பெற்றவர் காலிஸ், 23 முறை. ஆனால் தொடர் நாயகன் விருதில் முன்னிற்பவர் முரளிதரன், 11 முறை. 2024இல் அதே எண்ணைத் தொட்டவர் சென்னைத் தமிழரான இரவிச்சந்திரன் அஸ்வின். 2016இல் சோபர்ஸ் கோப்பையையும் பெற்றவர் அவர். ஒருநாள் ஒளியைக் காண்போர் மட்டையாளரைப் போற்றுகின்றனர். தொடர் முழுவதையும் எடைபோடுவோர் பந்து வீச்சாளரைக் காண்கின்றனர் என்று இதனால் கொள்ளலாம்.

இவ்வாட்டம் மலேசியத் தமிழருக்கும் புதிதன்று. 1880களில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு இரயில் வந்தபோதே சிலாங்கூர் கிளப்பும் தோன்றிவிட்டது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அருகருகே வாழ்ந்தனர். கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் 1932இல் இலார்ட்ஸ் திடலில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இடம் பெற்றார். ஓட்டங்களைக் காட்டிலும் பந்தைத் தடுக்கும் திறத்தாலேயே நினைக்கப்படுகின்றார். 2023 ஜூலையில் கிள்ளானை அடுத்த பண்டமாரான் திடலில் மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனத்திற்கு எதிராக எட்டு ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். அன்றுவரை ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் எவரும் ஏழு விக்கெட்டுகள் எடுத்ததில்லை.

தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஒருவருக்குப் பரிசளிப்பதும் அவ்வகைத் தெரிவே. பந்து வீச்சாளர் என்பதனாலேயே ஒருவருக்கு முதன்மைப் பரிசை மறுப்பதும், அதனாலேயே அளிப்பதும் ஒருசேரத் தவறு. இவர் இல்லாதிருந்தால் குழு எவ்விடத்தில் நின்றிருக்கும் என்ற ஒரு வினாவைக் கேட்டால் போதும். 2006இன் முரளிதரனைப் பொறுத்தவரை விடை ஐயத்திற்கு இடமில்லாதது. பள்ளி விளையாட்டு விழாவில் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் ஆசிரியரும் இவ்வினாவைக் கேட்கட்டும். கைதட்டல் பெறாத உழைப்பும் கணக்கில் ஏறும் என்று அறியும் மாணவர், பிற்காலத்தில் பிறர் உழைப்பையும் மதிக்கக் கற்பர்.