நம் சுவர்களின் வெண்மை எங்கிருந்து வந்தது?



பெருநாள் நெருங்கினால் முன்பெல்லாம் நம் வீடுகளில் முதல் வேலை சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான். வாளியில் சுண்ணாம்புக் கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதிக்கும். "கிட்ட வராதீங்க, கண்ணுல தெறிக்கும்!" என்று உம்மும்மா நம்மை விரட்டுவார். அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை.

நம் தென்கரையில் அது பெரும்பாலும் முருகைக்கல்லிலிருந்து வந்தது. கடலில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு கட்டும் கூடுதான் முருகைக்கல். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் கல்சியம் காபனேற்று. சிப்பி, முட்டையோடு, சுண்ணாம்புக்கல் எல்லாம் அதே பொருள்தான்.

அதைச் சூளையில் விறகோடு அடுக்கி ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். 100 கிலோ தூய கல்லில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் பட்டால் அது நீறும். சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்சியம் காபனேற்றாக இறுகும். பழைய சுவர்கள் இத்தனை காலம் நின்றது அதனால்தான். காலிக் கோட்டையின் மதிலிலும் யாழ்ப்பாணக் கோட்டையிலும் முருகைக்கல்லை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கல்லுக்குக் கடலில் வேறொரு வேலை இருந்தது. கரைக்கு வரும் அலையை முன்னதாகவே உடைப்பது அதுதான். பாறை போன்ற முருகைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். நாம் ஒரு பெருநாளுக்குப் பூசியது, பல வருட வளர்ச்சி.

அம்பலாங்கொடை, அக்குரல, ஹிக்கடுவை பக்கங்களில் பல குடும்பங்கள் இந்தத் தொழிலில் வாழ்ந்தன. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் வந்த திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தன. ஆனாலும் களவாக அகழ்வது நிற்கவில்லை.

2004 டிசம்பர் 26. பெரலியவில் அலை ரயிலையே புரட்டியது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். அங்கே அலை சுமார் 10 மீற்றர் உயர்ந்தது. சில கிலோமீற்றர் தெற்கே, முருகைப் பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் 2, 3 மீற்றர்தான். கடலடியின் அமைப்பு போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் கல் அகழ்ந்த இடங்களில் பாதிப்புக் கூடியது என்று அடுத்த வருடமே ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கல்லை உடைத்தவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவர்கள் வயிற்றுக்காக உடைத்தார்கள். மலிவு என்று வாங்கியவர்கள் நாம்.

இன்றும் இந்த வெள்ளைத் தூள் இல்லாமல் நமக்கு நாள் நகராது. பெயின்ட், பிவிசி குழாய், கடதாசி, பற்பசை, கோழித்தீன் எல்லாவற்றிலும் அது சேர்கிறது. அதற்குத் தரையிலுள்ள சுண்ணாம்புக்கல் போதும். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருவாக்காட்டிலிருந்து ரயிலில் போவதும் அந்தக் கல்தான். அகழ்ந்த குழிகளை என்ன செய்வது என்பது தரையிலும் கேட்க வேண்டிய கேள்வி.

பழைய வீட்டை இடிக்கப் போகிறீர்களா? அதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டிப்போய், உதிர்ந்த காரையில் ஒரு துளி வினாகிரி விட்டுக் காட்டுங்கள். நுரைக்கும். கல்லில் பூப்போன்ற கோலம் தெரிந்தால், அது ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.