கிளாரினெட்டின் குறுங்குழல்

துளைக்கருவிகளுள் ஒன்றாகிய கிளாரினெட்டை நம்மவர் நன்கறிவர். சதிர்க் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக ஒலித்த இம்மேனாட்டுக் கருவியை ஏ. கே. சி. நடராசன் கருநாடக இசைமேடையில் முதன்மைக் கருவியாக வாசித்துப் புகழ் பெற்றார். இதன் ஊதுவாய்க்கும் மேற்குழலுக்கும் இடையே செருகப்படும் குறுங்குழல் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதில் விரல்துளையும் இல்லை, சாவியும் இல்லை. வடிவம் நோக்கி ஆங்கிலேயர் அதனைப் பீப்பாய் என்றனர். ஜெர்மானியர் பேரிக்காய் என்றனர். ஆயினும் கருவி முழுவதன் சுருதியும் இச்சிற்றுறுப்பைச் சார்ந்து நிற்கிறது.

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்பார் 1700-ஆம் ஆண்டையொட்டிக் கிளாரினெட்டை உருவாக்கினார் என்பர். தொடக்கக் காலக் கருவிகளில் ஊதுவாயும் குறுங்குழலும் ஒரே துண்டாய் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை தனித்தனியாயின. அந்நாளைய ஐரோப்பாவில் ஊருக்கொரு சுருதி வழங்கிற்று. வயலின்காரர் தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டுவர். மரக்குழலை முறுக்க இயலுமா? ஆகவே, நீளம் வேறுபட்ட குறுங்குழல்கள் சிலவற்றைக் கருவியோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் தோன்றிற்று. சுருதி உயர்ந்தவிடத்துக் குட்டையானதும், தாழ்ந்தவிடத்து நெட்டையானதும் பயன்பட்டன.

1859-இல் பிரான்சு அரசு ஆதார ஒலியை நொடிக்கு 435 அதிர்வு என வரையறுத்தது. 1939-இல் இலண்டனில் கூடிய மாநாடு 440 என முடிவு செய்தது. சுருதி ஒன்றானபின் மாற்றுக் குறுங்குழலுக்கு வேலை ஏது எனலாம். வேலை ஒழியவில்லை. காரணம் கணக்கில் உள்ளது. குறுங்குழலை 1 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால், 25 சென்டிமீட்டர் காற்றுத்தூணால் எழும் சுரத்திற்கு அது 250-இல் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் தூணுக்கோ 600-இல் ஒரு பங்கே. எனவே, எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் இறங்குவதில்லை. இழுத்தவிடத்தில் உள்ளே உண்டாகும் பள்ளமும் ஒலியைக் கெடுக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் ஸட்ஜம் மேல்ஸட்ஜமாகும். கிளாரினெட்டிலோ ஸட்ஜம் மேல்தாயிப் பஞ்சமத்திற்குத் தாவும். இவ்விரண்டும் பிசகாது ஒத்திருத்தல் குறுங்குழலின் உட்துளை அமைப்பையும் பொறுத்தது. 20-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியா நகரில் கருவிகளைச் செப்பனிட்டு வந்த ஹான்ஸ் மென்னிக், உட்துளை மேலே அகன்று கீழே ஒடுங்கும் குறுங்குழலால் இப்பிசகைத் திருத்தினார். அவ்வகை இன்றும் அவர் பெயராலேயே விற்கப்படுகிறது.

ஆதலின் மாற்றுக் குறுங்குழலைத் தேர்வோர் நீளத்தை மட்டும் அளந்து வாங்கலாகாது. பொருத்து ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. குளிர்ந்த குழல் சுருதி தாழ்ந்து ஒலிக்குமாதலால், முதலில் ஊதிச் சூடேற்ற வேண்டும். பின்னர்ப் பழையதையும் புதியதையும் மாறிமாறிப் பொருத்தித் தாழ்சுரங்களையும், அவை தாவும் மேற்சுரங்களையும், இடைப்பட்ட குறுந்தூண் சுரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். வாசிப்பவர் தம்மையறியாமலே உதட்டால் பிசகைச் சரிசெய்துவிடுவர். ஆதலின் அருகே இன்னொருவர் இருந்து கேட்பது நன்று. ஒரு சுரம் இனித்தது கொண்டு குறுங்குழலை மதிப்பிடுதல், ஒரு வினாவுக்கு விடை சொன்ன மாணவனுக்கு முழு மதிப்பெண் இடுதலை ஒக்கும்.