கடைசி ரீலும் முழுப் படமும்

'பிரெஞ்சுப் படம்' என்று சொன்னால் நம்ம ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். இரண்டு கூட்டமுமே அநேகமாகப் படத்தைப் பார்த்திருக்காது. அப்பாவின் உத்தியோகம் காரணமாகப் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிறகு இங்கே வந்து அரசாங்கக் குமாஸ்தா ஆனபின் என் பிரெஞ்சுக்கு ஆபீஸில் இருந்த ஒரே உபயோகம் கேலிதான். "வே, ஒமக்குத்தான் அந்த பாஷை தெரியுமே, அந்தப் படத்துல என்னதான் பேசுகான்?" என்று ஒருவர் கேட்பார். "பேச்சைக் கேக்கவாவே டிக்கெட் எடுக்கான்?" என்று அடுத்த மேஜையிலிருந்து பதில் வரும்.

அந்தப் பெயர் வரக் காரணமான படங்களில் ஒன்றைப் பற்றியும், அதை ஒட்டி உலகத்திலும் நம் நாட்டிலும் நடந்த வழக்குகளைப் பற்றியும் எழுதலாம் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

படத்தின் பெயர் 'லே ஸமான்'. காதலர்கள் என்று பொருள். 1958-ல் வந்தது. டைரக்டர் லூயி மால், நடித்தவர் ழான் மொரோ. கதை இதுதான்: திஷோன் நகரத்தில் ஒரு பத்திரிகை முதலாளி. பணம் உண்டு, பெரிய வீடு உண்டு, மனைவியைக் கவனிக்க நேரம் இல்லை. அவளுக்குப் பாரிஸில் ஒரு சிநேகிதன் இருக்கிறான். ஒருநாள் வழியில் அவள் கார் நின்றுவிட, முன்பின் தெரியாத ஓர் இளைஞன் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விடுகிறான். அன்று இரவு அவன் அங்கேயே தங்கும்படி ஆகிறது. நிலா, தோட்டம், ஆற்றில் ஒரு படகு, பிறகு படுக்கையறை. விடிந்ததும் அவள் கணவனையும் பெண் குழந்தையையும் விட்டுவிட்டு அந்த இளைஞனோடு கிளம்பிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் படம்.

அந்த வருடம் வெனிஸ் பட விழாவில் இதற்கு ஜூரியின் சிறப்புப் பரிசு கிடைத்தது. கூடவே கண்டனமும் எழுந்தது. அமெரிக்காவுக்குப் போனபோது விவகாரம் கோர்ட்டுக்கே வந்தது. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லண்ட் ஹைட்ஸ் என்ற ஊரில், 1959 நவம்பரில், நிக்கோ ஜாகோபெலிஸ் என்ற தியேட்டர் மானேஜர் இந்தப் படத்தை ஓட்டினார். ஆபாசப் படம் வைத்திருந்தது ஒரு குற்றம், திரையிட்டது இன்னொரு குற்றம் என்று வழக்குப் போட்டு, 500 டாலரும் 2,000 டாலருமாக மொத்தம் 2,500 டாலர் அபராதம் விதித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு பெரிய ஊர்களில் இந்தப் படம் ஓடியிருக்கிறது. அதே ஒஹையோவின் கொலம்பஸ், டொலீடோ நகரங்களிலும் ஓடியது. சில பத்திரிகைகள் புகழ்ந்தன, சில பத்திரிகைகள் ஏசின. அந்த ஆண்டின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று பேர்பெற்ற விமர்சகர்கள் இரண்டு பேராவது சொல்லியிருந்தார்கள்.

1964 ஜூன் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். ஆனால் அந்த ஆறு பேருக்குள்ளும் காரணத்தில் ஒற்றுமை இல்லை. ஸ்டூவர்ட் என்ற நீதிபதி, ஆபாசத்துக்கு இலக்கணம் சொல்ல என்னால் முடியாது, பார்த்தால் எனக்குத் தெரியும், இந்தப் படம் அது அல்ல என்று எழுதினார். இன்றுவரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் அது. பிரென்னன் என்ற நீதிபதி, தகராறு முழுவதும் கடைசி ரீலில் வரும் ஒரு சின்னக் காட்சியைப் பற்றியது, படத்தை முழுதாகப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார். நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோல்தான் என்பதும் அவர் கட்சி. தலைமை நீதிபதி வாரன் அதை ஒப்பவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு அளவு உண்டு என்பது அவர் வாதம்.

அதே 1964-ல், ஆகஸ்ட் மாதம், நம் உச்ச நீதிமன்றமும் ஓர் ஆபாச வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 'லேடி சாட்டர்லியின் காதலன்' என்ற ஆங்கில நாவலை விற்றதற்காக ரஞ்சித் உதேஷி என்ற பம்பாய் புத்தகக் கடைக்காரர் மீது வழக்கு. அபராதம் 20 ரூபாய்தான். ஆனாலும் தண்டனை சரியே என்று கோர்ட் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா.

அதற்குப் பின் இங்கேயும் காற்று மாறத் தொடங்கியது. 1969-ல் சினிமா தணிக்கை பற்றி அறிக்கை கொடுத்த ஜி.டி.கோஸ்லா கமிட்டி, கதைக்குத் தேவையானால் முத்தக் காட்சியைக்கூடத் தடுக்க வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டு கே.ஏ.அப்பாஸின் வழக்கு. கல்கத்தா, பம்பாய், மதராஸ், டில்லி ஆகிய நான்கு நகரங்களின் பணக்கார வாழ்வையும் ஏழை வாழ்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒரு குறும்படம் எடுத்திருந்தார். அதில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சியை வெட்டச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். தணிக்கை முறை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் பாலுறவும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல, பாலுறவைக் காட்டினாலே ஆபாசம் என்று ஒதுக்குவது தவறு என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. இதையும் எழுதியவர் அதே ஹிதாயத்துல்லா, இப்போது தலைமை நீதிபதியாக.

லூயி மாலுக்கும் நம் ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1968-ல் அவர் இந்தியாவுக்கு வந்து மாதக்கணக்கில் சுற்றி ஒரு நீண்ட ஆவணப்படம் எடுத்தார். அதில் ஒரு பகுதிக்கு 'மதராஸில் கண்டவை' என்றே பெயர். மயிலாப்பூர்த் தேரும் அதில் வருகிறது. 1970-ல் பி.பி.சி. அதை ஒளிபரப்பியதும், நம் வறுமையை மட்டும் காட்டுகிறான் என்று இந்திய அரசுக்குக் கோபம் வந்து, பி.பி.சி.யின் டில்லி ஆபீஸையே மூட வைத்தது. அவருடைய படங்களை யாராவது ஒரு துண்டாகப் பார்ப்பதும் சண்டை வருவதும் அவர் ஜாதகம் போலிருக்கிறது!

வாரன் சொன்னாரே, ஊருக்கு ஒரு அளவு என்று, அதற்கு ஆரல்வாய்மொழிக் கணவாயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1978-ல் ஐ.வி.சசியின் 'அவளுடெ ராவுகள்' வந்தது. சீமா நடித்த ராஜி என்ற பெண், தம்பியைக் காப்பாற்ற உடலை விற்கிறாள். 'ஏ' சர்டிபிகேட். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் வீட்டு பாஷை மாதிரி. அவர்கள் ராஜியின் தம்பியைப் பற்றி, அவளை ஊர் பேசும் பேச்சைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "கொள்ளாம், ஆனா வீட்டுப் பெண்டுகளோட பாக்க முடியாது" என்பார் ஒருவர். அவருக்குப் படத்தின் முழுக்கதையும் தெரியும். கணவாயைத் தாண்டினால் பேச்சே வேறு. அங்கே போய்ச் சேர்ந்தது போஸ்டரும் 'ஏ' என்ற எழுத்தும்தான். பிற்காலத்தில் மலையாளப் படம் என்றாலே காலைக் காட்சி, நடுவில் ஒட்டின பிட்டு என்று ஆகிப்போனதற்கு, பாஷை தெரியாமல் உடம்பை மட்டும் பார்த்த கூட்டமும் ஒரு காரணம்.

'லே ஸமான்' படத்தைப் பல வருடம் கழித்துப் புதுச்சேரியில் வீடியோவில் பார்த்தேன். அந்தக் கடைசிக் காட்சி இன்றைய தொலைக்காட்சிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என்னை உட்காரவிடாமல் செய்தது வேறு. விடிகாலையில் அந்தக் கார் கிளம்புகிறது, குழந்தை வீட்டில் தூங்குகிறது. அவளுக்குக் கதையில் எந்தத் தண்டனையும் இல்லை. நம்ம படமானால் ரயிலில் விழுந்திருப்பாள், அல்லது திரும்பி வந்து காலில் விழுந்திருப்பாள். 1958-ல் வெனிஸிலும் 1959-ல் கிளீவ்லண்டிலும் பலரைச் சுட்டது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல வாய் வராமல் படுக்கையறையைக் காரணம் சொன்னார்கள்.

அந்தத் தாய் செய்தது சரியா? என் மனைவி தப்பு என்கிறாள். குழந்தையை நினைத்தால் எனக்கும் அப்படித்தான். "அவளை அந்த வீட்டுல ஒரு மனுசியா நெனச்சவன் யாரு மாமா?" என்று கேட்கிறாள் என் மருமகள். இந்தச் சண்டை போடத் தகுந்த சண்டை. ஆனால் இதைப் போட முழுப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். கடைசி ரீலுக்காகப் போனவனாலும் முடியாது, கடைசி ரீலுக்காகவே போகாதவனாலும் முடியாது.

இப்போது எல்லாப் படமும் கைப்பேசியில் துண்டு துண்டாகத்தான் வருகிறது. பேரன்மார்களிடம் பார்க்காதே என்று நாம் சொல்லிப் பயனில்லை. பார்த்தால் முதலிலிருந்து கடைசிவரை பாரு மக்கா, பிறகு பிடிக்கவில்லை என்றால் தாராளமாக ஏசு என்றுதான் நான் சொல்லி வருகிறேன்.