சாயப் பட்டறை தந்த பாடம்

நாம் வெட்டும் ரப்பர் பால் டயராக மாறும் ஆலைகளில் ஒரு நோய் ஒளிந்திருந்தது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

1895-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், சாயம் செய்யும் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை லுத்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் எடுத்துச் சொன்னார். 1938-இல் ஹியூப்பர் என்பவர், பீட்டா நாப்தைலமின் என்ற இரசாயனம் நாய்களுக்கு அப்புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டினார். ரப்பர் கெடாதிருக்கப் பிரிட்டிஷ் ஆலைகளில் சேர்த்த ஒரு பொருளிலும் அது கலந்திருந்தது. 1949-இல் அப்பொருள் நீக்கப்பட்டது. ஆயினும், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் தலைகாட்டியது. மரத்தில் வடியும் பாலில் இந்த நஞ்சு இல்லை, அஞ்ச வேண்டாம்.

ஆனால், புகைப்பவருக்கும் இந்நோய் வரும். கட்டி உட்படலத்தோடு நின்றால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது. அது தசைச்சுவருக்குள் ஆழமாக இறங்க இறங்கப் பரவும் ஆபத்து கூடுகிறது. கட்டி வீரியமுள்ளதாயினும், நிணநீர்க் குழாய்க்குள் புகுந்தாலும் அவ்வாறே.

ஆகவே, வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் கண்டால், அது ஒருநாளில் நின்றுவிட்டாலும், சூடு என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.