கண்டி மலைக்கு வழி காட்டியவர்கள்

1803ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் மேஜர் அடம் டேவி கண்டி நகரைக் கைவிட்டு வெளியேறினார். அவருடைய படை காய்ச்சலில் நொந்துபோயிருந்தது. நடக்க முடியாத நோயாளிகளை அங்கேயே விட்டுவிட்டு, எஞ்சியவர்களுடன் திருகோணமலைக்குப் போய்விடலாம் என்பது ஏற்பாடு. நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வட்டாபுலுவ என்ற இடத்தில், மகாவலி அவர்களை மறித்தது. தென்மேற்குப் பருவமழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. ஓடம் இல்லை. தெப்பம் கட்டிக் கயிறு இழுக்கும் முயற்சியும் பலிக்கவில்லை. எந்தத் துறையில் நீர் குறைவு, எங்கே ஆளிறங்கிக் கடக்கலாம் என்று சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள்.

இரண்டு நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆங்கிலேயர் தாங்களே அரியணையில் ஏற்றிய முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். அடுத்து ஆயுதங்களையும் ஒப்படைத்தார்கள். 26ஆம் திகதி படையினர் கொல்லப்பட்டார்கள். கழுத்தில் வெட்டுப்பட்டு இறந்தவர்களோடு கிடந்த கோப்ரல் ஜோர்ஜ் பார்ன்ஸ்லி, சாய்ந்து விழும் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து மாத்தளையிலிருந்த கோட்டையை அடைந்தார். நடந்தது வெளியே தெரிந்தது அவரால்தான். டேவி கைதியாகவே கண்டி நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்தார். இன்று வட்டாபுலுவ கண்டியின் விளிம்பில் வீடுகள் நெருங்கிய ஒரு குடியிருப்புப் பகுதி.

இந்தத் தோல்வியைக் காய்ச்சலின் கணக்கிலும் மழையின் கணக்கிலும் எழுதுவது வழக்கம். இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆண்டு ஆங்கிலேயரைக் கண்டிக்குள் இட்டுவந்ததில் பெரும்பங்கு கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் முதல் அமைச்சரான (அதிகாரம்) பிலிமத்தலாவையினுடையது. ஆளுநர் பிரெடரிக் நோர்த் அவரோடு ஆண்டுக்கணக்கில் இரகசியப் பேச்சு நடத்தியிருந்தார். அரசன் ஹங்குராங்கெத்தவில் ஒளிந்திருக்கிறான், போனால் பிடித்துவிடலாம் என்று தகவல் வந்தது. இரண்டு படைப்பிரிவுகள் வெவ்வேறு வழியாக மலையேறின. போய்ச் சேர்ந்தபோது அரண்மனை காலி. வழிநெடுக மறைவிலிருந்து சூடு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். வழி சொன்னவர் யாருக்காகச் சொன்னார் என்பதை நோர்த் கடைசிவரை சரியாகக் கணிக்கவில்லை.

கண்டி இராச்சியத்தில் பாதையே ஓர் ஆயுதம். ரொபர்ட் நொக்ஸ் இதை மிக நுணுக்கமாக எழுதியிருக்கிறார். 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் தந்தையோடு சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் இருந்த ஆங்கிலேயர் அவர். பாதைகள் ஏராளம், ஆனால் ஆள் பின்னால் ஆளாக ஒற்றை வரிசையில் மட்டுமே போக முடியும். காட்டை வெட்டி அகலப்படுத்த அரசன் விரும்பவில்லை என்கிறார். மலைக்கு ஏறும் இடங்களில் முள்மரத்தால் செய்த கதவுகள் இருந்தன. அவற்றுக்குக் காவலர் உண்டு. அரசவையிலிருந்து வெளியே போகிறவர் களிமண்ணில் பதித்த முத்திரை ஒன்றைக் காட்ட வேண்டும். போர்வீரனுக்குக் கொடுக்கும் முத்திரையில் தோளில் ஈட்டி சுமந்த மனித உருவம். கூலியாளுக்குக் காவடித்தண்டின் இருபுறமும் மூட்டை தொங்கவிட்ட உருவம். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் இடுப்பில் வாளும் உள்ள உருவம். எழுத்துத் தெரியாத காவலனும் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று ஒரு பார்வையில் அறிந்துகொள்ள இது போதும்.

இப்படிப்பட்ட நாட்டுக்குள் உள்ளூர்த் துணையோடு நுழைந்து, அந்தத் துணையைத் தாங்களே அழித்துக்கொண்டவர்களும் உண்டு. 1594இல் பேதுரு லோப்பஸ் டி சூசா தலைமையில் போர்த்துக்கேயர் கண்டிக்கு ஏறினார்கள். பலனக் கணவாயைத் தாண்டி நகரைப் பிடித்தும் விட்டார்கள். சிங்களப் படைவீரர்களான லஸ்கரின்களைத் திரட்டி வந்தவர் ஜயவீர பண்டார. அவர் எதிரியோடு சேர்ந்துவிட்டார் என்று காட்டும் கடிதம் ஒன்று போர்த்துக்கேயர் கையில் சிக்கியது. கண்டி அரசன் விமலதர்மசூரியன் விரித்த வலை அது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. விசாரிக்காமல் அவரைக் குத்திக் கொன்றார்கள். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாக விலகிப் போனார்கள். வழியும் தெரியாமல் உணவும் கிடைக்காமல் பின்வாங்கிய போர்த்துக்கேயப் படை தந்துறையில் அழிந்தது. 1638இல் கன்னொருவையில் இன்னொரு போர்த்துக்கேயப் படைக்கும் அதே கதிதான். பேராதனைக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் அந்த இடம் இருக்கிறது.

நொக்ஸ் தப்பித்த கதை இதற்கு நேர்மாறானது. அவருக்கு வழிகாட்டி இல்லை. தானே வழிகாட்டியாக மாறுவதற்கு ஆண்டுகளைச் செலவிட்டார். தோழர் ஸ்டீபன் ரட்லண்டோடு சேர்ந்து மிளகு, பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான் போன்றவற்றைச் சுமந்து ஊர் ஊராக விற்றார். வியாபாரி எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் வடக்கே கொஞ்சம் கூடுதலாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1679இல் அநுராதபுரம் வந்து சேர்ந்ததும், காய்ந்த இறைச்சி வாங்க வந்தோம் என்று சொல்லித் தப்பினார்கள். அங்கிருந்து மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். முள் குத்தாமலிருக்கக் காலுக்குச் செருப்புத் தைக்க மான்தோல் கொண்டுபோனதாக எழுதுகிறார். ஆற்றுநீர் போகும் திசையே வழி. அக்டோபர் 18ஆம் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். வழிகாட்டியில்லாமல் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நொக்ஸின் வாழ்க்கையே பதில். போகலாம், அந்த நிலத்தைப் படிக்க அத்தனை ஆண்டுகள் கையில் இருந்தால்.

இதே கேள்வி உலகின் வேறு மலைகளிலும் எழுந்தது. ஆல்ப்ஸ் மலையில் பனிப்பாறைகளின் மேல், குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகிப் பனிச்சறுக்கு போகிறவர்கள் இன்றும் இதைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆழமான பிளவுகளைப் புதுப்பனி மூடிவிடும். மேலே பார்த்தால் சமதரை. எங்கே பிளவு இருக்கும் என்பது ஆண்டுதோறும் அங்கே நடப்பவருக்கே தெரியும். 1820இல் டாக்டர் ஹாமெல் என்பவர் மோன் பிளாங்க் சிகரத்துக்கு ஏறினார். வானிலை சரியில்லை, இறங்கிவிடலாம் என்றார்கள் வழிகாட்டிகள். ஹாமெல் இசையவில்லை. பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் பிளவுக்குள் விழுந்து மாண்டார்கள். நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 1861இல், பனியாறு அவர்களின் எச்சங்களைக் கீழே கொண்டுவந்து போட்டது. அந்த மரணங்களுக்கு அடுத்த ஆண்டே ஷமொனி ஊரின் வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். முறைவைத்து வேலை, இறந்தவர் குடும்பத்துக்கு உதவ ஒரு நிதி. வழி காட்டுவது அங்கே ஒரு தொழிலாகி, தொழிலுக்கு ஒரு மரியாதையும் வந்தது.

அதே காலத்தில் கண்டியில் பாதைகளின் இரகசியம் உடைந்துகொண்டிருந்தது. ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி பல ஆண்டுகள் பிக்குகளிடமும் வியாபாரிகளிடமும் தகவல் சேர்த்தார். 1814இல் கண்டிப் பிரதானி எஹெலபொல மனம் மாறி ஆங்கிலேயரிடம் வந்தார். 1815இல் படை பல திசையிலிருந்தும் ஏறியபோது பெரிய எதிர்ப்பே இல்லை. பெப்ரவரி 18ஆம் திகதி, நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் மெதமகாநுவரவுக்கு அருகே ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பிடிபட்டான். பிடித்தவர்கள் எக்னெலிகொட என்ற தலைவரின் ஆட்கள், அந்நாட்டவரே. 1803இல் மூடிய மலை, வழி தெரிந்தவர்கள் பக்கம் மாறியதும் திறந்துவிட்டது. அடுத்து ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் கடுகண்ணாவை வழியே கொழும்பு வீதியை ஏற்றினார். தோமஸ் ஸ்கின்னர் என்ற இளைஞர் மலைக்காட்டில் யானைத்தடங்களைப் பின்பற்றி வீதிக்கான தடம் தேடினார். சரிவைக் கணித்து நடப்பதில் யானையை மிஞ்சிய அளவையாளர் இல்லை என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

வீதி வந்தது முதலில் படை நகர்வதற்காக, கோப்பி அதைத் தொடர்ந்து வந்தது. கோப்பி வந்ததும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கண்டியின் வழிகாட்டி வரலாற்றில் நாம் அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடை. ஏறக்குறைய 150 மைல். தண்ணீர் கிடைக்காத வறண்ட காடு முதலில், மலேரியா பிறகு, கடைசியில் பழக்கமில்லாத மலைக்குளிர். இந்தக் கூட்டங்களுக்கு வழிகாட்டி இருந்தார். அவர்தான் கங்காணி. ஊரில் ஆள் சேர்த்தவர், முன்பணம் கொடுத்தவர், பாதை தெரிந்தவர், தோட்டத்தில் மேற்பார்வை செய்யப் போகிறவர் எல்லாமே அவர். பெரும்பாலும் உறவுக்காரர் அல்லது அதே ஊர்க்காரர் என்பதால் நம்பி வந்தார்கள். ஆனாலும் காலராவிலும் பசியிலும் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போனது. பிற்காலத்தில் அரசு வழியில் கிணறுகளும் தங்குமடங்களும் அமைத்தது. அதற்குள் காட்டில் புதைந்தவர்கள் பலர்.

கங்காணிகள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்வது நியாயமாகாது. தன் கூட்டத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்த கங்காணிகளும் இருந்திருக்கிறார்கள். குறை ஏற்பாட்டில் இருந்தது. வழிகாட்டியே கடன் கொடுத்தவராகவும் இருந்தார். தோட்டத்தில் வேலைக்கு நிற்கும் ஆளுக்குத் தலைக்காசு அவருக்கு வந்தது. பாதையில் நோயாளிக்காக இரண்டு நாள் தங்கினால் சாப்பாட்டுச் செலவு கணக்கில் ஏறும். அறுவடைக்குப் பிந்திப் போனால் துரை ஏசுவார். நடந்தவர்கள் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை, அவரிடம் கடன்பட்டிருந்தார்கள். திரும்பிப் போவோம் என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இல்லை. அந்தக் கடனே பிறகு, கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவிக்கும் துண்டுச் சீட்டு முறையாக மாறி, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. 1921இல்தான் துண்டு ஒழிந்தது.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்த பிறகு அந்த நடைக்குத் தேவை இருக்கவில்லை, பாதை மறந்துபோனது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலையின் இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது ஒரு நடைபவனி. முன்னோர் நடந்த தடத்தில் பேரப்பிள்ளைகள் பகலில், தண்ணீரோடும் துணையோடும் நடந்தார்கள். அந்தப் பாதையில் இறந்தவர்களுக்கு ஊர்தோறும் நினைவுக்கல் வைக்க வேண்டும். இன்னும் தாமதிக்கக் கூடாது.

இன்று கண்டியிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நக்கிள்ஸுக்குப் போகிறார்கள். சிங்களத்தில் தும்பற மலைத்தொடர். 1873இல் 5,000 அடிக்கு மேல் காடழிக்கத் தடை வந்ததால் உச்சிக்காடு தப்பியது. 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் பகுதியாகச் சேர்ந்தது. கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய வரை போய், அங்கிருந்து திரும்பி ஏறினால் கோபெட்ஸ் கெப் என்ற கணவாய். அதற்குக் கீழே பள்ளத்தாக்கில் மீமுரே கிராமம்.

போனில் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்று கேட்கும் இளைஞர்கள் பலர். வரைபடம் ஒரு கோட்டைக் காட்டும். மானாப் புல் ஆளுயரம் வளர்ந்து அந்தக் கோட்டை மூடிவிட்டதை அது காட்டாது. ஏலக்காய்த் தோட்டக் காலத்துப் பழைய தடங்கள் காட்டுக்குள் கிளைவிட்டுக் கிடக்கின்றன. அவற்றில் பல, இடிந்துபோன ஏலச்சூளை ஒன்றின் வாசலோடு முடிந்துவிடும். மேலே ஒரு மணி நேரம் மழை கொட்டினால் காலையில் முழங்காலளவு இருந்த ஓடை மாலையில் கடக்க முடியாததாகிவிடும். மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னே நிற்பவர் தெரியமாட்டார். வழி தவறியவர்களைத் தேடிப் பொலிஸாரும் இராணுவத்தினரும் காட்டுக்குள் போகும் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்போதும் முன்னால் நடப்பது ஊர்க்காரர்தான்.

மீமுரேக்காரர் ஒருவரோடு நடந்தால் வித்தியாசம் முதல் அரை மணியிலேயே தெரியும். புறப்படுமுன் காலுறையில் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்க்கச் சொல்வார், அட்டை ஏறாது. ஓடையைக் கடக்குமுன் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். கலங்கி, சருகு மிதந்து வந்தால் மேலே மழை என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிடுவார். அவருக்கு அந்த இடத்தில் வீடு இருக்கிறது, வயல் இருக்கிறது. நாளைக்கும் அந்தப் பாதையில் அவர் நடக்க வேண்டும். உங்களுக்கு ஏதும் நடந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கண்டி நகரத்து ஹோட்டல் வாசலில் தரகர் பிடித்துத் தரும் ஆளுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆகவே நக்கிள்ஸுக்குப் போகிறவர்கள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வழிகாட்டியை மலையடியிலுள்ள கிராமத்திலேயே கேட்டுப் பிடியுங்கள். கூலியைத் தரகர் வழியாகக் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். பாதி வழியில் அவர் திரும்புவோம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். பேசிய கூலியில் ஒரு சதமும் குறைக்காதீர்கள்.